9.8 வந்தே ஆகணுமா?

ஸ்கூல் இயற்பியல் லேப்ல தனி ஊசல் சோதனை ஞாபகம் இருக்கா மக்களே? நூல்ல குண்டைக் கட்டி ஆட்டி, 20 அலைவுக்கு எத்தனை விநாடின்னு பார்த்து புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கணும். நடக்கறது என்ன? விடை 9.8ன்னு முன்னாடியே தெரியும். அதுலேருந்து பின்னாடி கணக்குப் போட்டா ரீடிங் ரெடி! சாருக்கும் தெரியும், இருந்தாலும் டிக் விழும். இதுக்குப் பேரு செய்முறையாம்.

கொஞ்சம் யோசிங்க. 1 மீட்டர் நூல், 20 அலைவு, 40 விநாடின்னா 9.87 வரும். ஸ்டாப்வாட்சை அரை விநாடி லேட்டா அமுக்கினா 9.63. அதே அரை விநாடி தாமதம், 50 அலைவு எண்ணினா 9.77 தான். ஏன்? இந்த 'ஏன்'தாங்க அறிவியல்! அதை "ரீடிங் தப்பு, மாத்தி எழுது"ன்னு சொல்லிக் கொன்னுடறோம்.

எங்க பொழப்புல, டெஸ்ட் பாஸ் ஆகறதுக்காக விடையை ஹார்ட்கோட் பண்ணினா ரிவ்யூல கிழிச்சுத் தொங்க விடுவாங்க. லேப்ல அதுக்கு முழு மார்க்!

"பாவம், பசங்களுக்கு மார்க் போயிடுமே"ங்கறவங்களுக்கு: மார்க்கை விடைக்குப் போடாதீங்க, விளக்கத்துக்குப் போடுங்க. 9.63ன்னு எழுதி காரணம் சொல்ற பொண்ணுக்கு முழு மார்க். அச்சு அசலா 9.8 கொண்டு வர்ற பையன்கிட்ட, "எங்க, இன்னொரு தடவை ஆட்டிக் காட்டு"ன்னு கேளுங்க. அவ்ளோதான் :-)