ஓடாமலே தேய்ந்த கார்!

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்கச் செயலாளர், "கவிதை மட்டும் வேணாம்டா, பெட்டி நிறைய கிடக்குது. உன் டிபார்ட்மெண்ட் சமாச்சாரமா ஏதாவது எழுது" என்றார். காதலைப் பற்றி எழுத எனக்கும் ஒன்றும் தெரியாது. ஆகவே நண்பர்களே, என் தாய்மாமா வீட்டுக் காரைப் பற்றி எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

உத்திரமேரூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது மாமாவின் ஊர். நெல்லும் வேர்க்கடலையும்தான் தொழில். அவர் மகன், அதாவது என் மச்சான், டிப்ளமோ முடித்து ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தான். மாதம் பதினெட்டாயிரம். கம்பெனி பஸ் பஸ் ஸ்டாண்டுக்கே வரும். கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க அவன் இறங்கி வருவதைப் பார்த்தால் நமக்கே ஆசையாக இருக்கும். 2025 ஜூன் மாதம், மாமா ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கினார். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். குற்றம் கார் மீது இல்லை.

ஷோரூம் விலை 6,45,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை உயர்த்தியதிலிருந்து, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம். அது எண்பத்து மூவாயிரத்துச் சொச்சம். இன்சூரன்ஸ், பதிவு, மிதியடி, சீட் கவர் எல்லாம் சேர்ந்து, கார் ரோட்டில் இறங்கும்போது 7,70,000. அத்தையின் நகையை பேங்கில் வைத்து 1,70,000 கட்டினார்கள். மீதி ஆறு லட்சம் கடன். பத்து சதவீத வட்டி, ஏழு வருஷம், மாதம் 9,960 ரூபாய் தவணை. கார் மாமா பெயரில், தவணை மச்சான் சம்பளத்தில்.

நவம்பரில் டிரெய்னிங் காலம் முடிந்தது. "கூப்பிடுறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கம்பெனி பஸ் இன்றும் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறது. அதில் வேறு பையன்கள் ஏறுகிறார்கள்.

"மாப்ளே, நீதான் கார் படிப்பு படிக்கிறியே. வா, வித்துட்டு வந்துடலாம்" என்று மாமா என்னை அழைத்துக்கொண்டு போனார். ஓடியிருந்தது வெறும் 3,800 கிலோமீட்டர். பின் சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஆறரை லட்சத்துக்குக் குறையாது என்று மாமா நம்பியிருந்தார். அதற்கு ஆதாரமாக இன்சூரன்ஸ் காகிதத்தைப் பையில் வைத்திருந்தார். அதில் வண்டியின் மதிப்பு 6,12,750 என்று அச்சடித்திருந்தது.

முதல் கடைக்காரர் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பானெட்டைத் திறந்து மூடினார். "நாலு அறுபது" என்றார்.

மாமா முதலில் அதைக் காருக்கான விலை என்றே எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே நாம் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஐந்து தவணையில் மச்சான் கட்டியது 49,800 ரூபாய். அதில் அசலில் கழிந்தது சுமார் 25,200தான். ஆரம்பத் தவணைகளில் பாதி வட்டிக்கே போய்விடும். ஆக அசல் பாக்கி ஐந்து லட்சத்து எழுபத்து நாலாயிரத்துச் சொச்சம். முன்கூட்டியே முடித்தால் ஐந்து சதவீதம் அபராதம் என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அதையும் சேர்த்தால் ஆறு லட்சத்து மூவாயிரம். காரை 4,60,000க்குக் கொடுத்தால், காரும் போய், அதற்கு மேல் 1,43,000 ரூபாய் கையிலிருந்து போட வேண்டும்! நகை அடகு வேறு தனியாக நிற்கிறது.

ஓடாத கார் எப்படி ஐயா தேய்ந்தது? பிஸ்டன் தேயவில்லை, பிரேக் ஷூ தேயவில்லை. மூன்று வருஷமாக நாம் படித்த தேய்மானம் எதுவும் இதில் இல்லை.

முதல் காரணம் எளிது. ஆயுள் வரியும் இன்சூரன்ஸும் பதிவுச் செலவும் காரோடு போகும், ஆனால் அந்தக் காசை முழுசாகத் திருப்பித் தர ஆள் கிடையாது. 7,70,000 என்று மாமா மனதில் இருந்த எண்ணிலிருந்து 1,25,000 முதல் நாளே கழிந்துவிட்டது.

இரண்டாவது, 2025 செப்டம்பர் 22. அன்று முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி.யை 18 சதவீதமாகக் குறைத்தார்கள். அதற்கு முன் 28 சதவீதமும், பெட்ரோல் வண்டிக்கு செஸ் ஒரு சதவீதமும். வரி இல்லாத விலை ஐந்து லட்சம் என்றால், ஜூனில் அது 6,45,000. அக்டோபரில் 5,90,000. வாங்குபவர்களுக்கு நல்ல செய்திதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் புதுக் காரே 55,000 இறங்கிவிட்டபோது, பழைய காரை யார் பழைய விலையில் வைத்துப் பார்ப்பார்கள்? எங்கள் கார் மாமரத்தடியில் நின்றபடியே ஒரே இரவில் அரை லட்சத்துக்கு மேல் இழந்தது.

இன்சூரன்ஸ் காகிதத்தில் இருக்கும் எண்ணையும் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். ஆறு மாதம் வரை ஐந்து சதவீதம், ஒரு வருஷம் வரை 15, இரண்டு வருஷம் வரை 20, மூன்றுக்கு 30, நாலுக்கு 40, ஐந்துக்கு 50 என்று ஒரு பட்டியல்படி கழிப்பார்கள். கார் திருடு போனாலோ முழுசாக நொறுங்கினாலோ கொடுக்க வேண்டிய தொகை அது. சந்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாமாவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு டீயும் இரண்டு வடையும் செலவாயிற்று.

மூன்றாவது காரணம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. இரண்டாவது கடையில் ஒருவர் மாமாவின் முகத்தைப் பார்த்தே கேட்டார்: "அஞ்சே மாசத்துல விக்கிறீங்கன்னா, வண்டியில என்ன கோளாறு பெரியவரே?"

கோளாறு வண்டியில் இல்லை, வேலையில். அதை அவர் நம்ப வேண்டுமே!

அமெரிக்காவில் மோசமான காரை 'எலுமிச்சை' என்பார்களாம். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் 'எலுமிச்சைகளின் சந்தை' என்று ஒரு கட்டுரை எழுதினார். காரின் குணம் விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் மோசமான காரையும் மனதில் வைத்து விலையைக் குறைத்துக் கேட்கிறான். அந்த விலைக்கு நல்ல கார்க்காரன் விற்க மாட்டான். கடைசியில் சந்தைக்கு எலுமிச்சைதான் வரும். மூன்று பத்திரிகைகள் திருப்பியனுப்பிய அந்தக் கட்டுரைக்காகத்தான் 2001இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் மாட்டுச் சந்தைத் தரகர்களுக்கு இது எப்போதோ தெரியும். அவர்களுக்குப் பரிசுதான் கிடைக்கவில்லை.

ஆகவே மாமா இழந்ததில் ஒரு பெரிய பங்கு சந்தேகத்தின் விலை. இதுதான் என் கட்சி. விலை என்பது இரும்பில் மட்டும் இல்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதன் விலை 47,500 ரூபாய். புதுக் காருக்குப் பதிவு செய்து வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே ஓடிய காரைப் புதுக் காரைவிட அதிக விலை கொடுத்து அன்றைக்கு வாங்கியிருக்கிறார்கள்! பஜாஜ் சேதக் ஸ்கூட்டருக்கும் அப்படியே. அன்றைக்குக் க்யூவுக்கு விலை இருந்தது. பிறகு தொழிற்சாலைகள் பெருகின. நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்தே 1998இல் ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. க்யூ போயிற்று, அந்த விலையும் போயிற்று. ஃபோர்டு கம்பெனி 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று சொல்லியும், அந்தக் காரை வைத்திருந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரகடத்தில் செய்த டாட்சன் கார்களின் கதையும் 2022இல் முடிந்தது. அந்தக் கார்களில் ஒரு போல்ட்டும் மாறவில்லை. வாங்குபவன் மனசுதான் மாறியது.

மூன்றாவதாக ஒரு ஷோரூமுக்குப் போனோம். "எக்ஸ்சேஞ்ச்ல குடுங்க, அஞ்சு லட்சம், அதுக்கு மேல போனஸ் இருபதாயிரம்" என்றார்கள். மாமா முகம் மலர்ந்துவிட்டது. நான் மெதுவாகக் கேட்டேன்: "பழைய வண்டி குடுக்காம ரொக்கத்துக்கு வந்தா புது வண்டியில எவ்வளவு குறைப்பீங்க?" முப்பத்தைந்தாயிரம் என்றார் அந்தத் தம்பி, யோசிக்காமல். எக்ஸ்சேஞ்சில் அந்தத் தள்ளுபடி கிடையாது. அப்படியானால் எங்கள் காருக்கு அவர்கள் கொடுத்தது 4,85,000தான். நண்பர்களே, எக்ஸ்சேஞ்ச் போகும்போது பழைய காருக்கு என்ன விலை என்று கேட்காதீர்கள். உங்கள் பையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகிறது என்று மட்டும் பாருங்கள். அது கிடக்கட்டும், கடனை அடைக்க வந்தவனுக்கு இன்னொரு புதுக் கார் எதற்கு?

வியாபாரிகளைத் திட்டுவது சுலபம். அவர்களுக்கும் கடை வாடகை உண்டு, விற்கும் வரை முதல் முடங்கும். பழைய காரில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய கவுன்சில் முடிவு செய்தபோது பெரிய கூச்சல் எழுந்தது. அது முழு விலைக்கு அல்ல, வியாபாரியின் லாபத்துக்கு மட்டும். 4,60,000க்கு வாங்கி 5,30,000க்கு விற்றால் எழுபதாயிரத்துக்கு வரி, 12,600 ரூபாய். வியாபாரியல்லாத நானும் நீங்களும் சொந்தக் காரை ஒருவருக்கொருவர் விற்றுக்கொண்டால் அதுவும் இல்லை.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்ள அனுமதியுங்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. குடவோலைத் தேர்தல் என்று ஆளுக்கொரு மேடையில் பேசுகிறோம். அதே கல்வெட்டில் ஏரி வாரியம், தோட்ட வாரியத்தோடு பொன் வாரியம் என்று ஒன்றும் இருக்கிறது. பொன்னைச் சோதிக்கும் பொறுப்பு அதனுடையது. விற்பவனையும் நம்பாதே, வாங்குபவனையும் நம்பாதே, ஊர் உரைத்துப் பார்க்கும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் தங்கத்துக்குச் செய்ததை இன்றைக்குக் காருக்கு நாம் ஏன் செய்யக்கூடாது?

நம் லேபில் கம்ப்ரஷன் கேஜ் இருக்கிறது, ஸ்கேனர் இருக்கிறது. பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் தூசி தட்டுகிறோம். சனிக்கிழமைகளில் ஆசிரியர் மேற்பார்வையில், சின்னக் கட்டணத்துக்கு, ஊர்க்காரர் காரைச் சோதித்து ஒரு பக்க அறிக்கை கொடுத்தால் என்ன? பானெட் கீல் போல்ட்டில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா? டயர் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கம் எந்த வாரம், எந்த வருஷம் என்கிறது? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக்கறை தெரிகிறதா? சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் மூழ்கின. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் வாங்குபவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள்.

"காரை முதலீடா நினைச்சது உங்க மாமா தப்பு" என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் சொன்னார். சரிதான் சார். ஆனால் மாமா அதை முதலீடாக நினைக்கவில்லை, மகனுக்கு வேலை நிலைத்துவிட்டது என்று நினைத்தார். எப்போது முடியும் என்று தெரிந்த டிரெய்னிங்குக்கு ஏழு வருஷக் கடன்! அந்த ஐ.டி. கார்டை நாளை நாமும் மாட்டப்போகிறோம். சேர்ந்த முதல் மாதமே லோன்காரர்கள் போன் செய்வார்கள். எனவேதான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

கடைசியில் லேப் ஆசிரியர் ஒருவர் மனமிரங்கி ஒரு சனிக்கிழமை எங்கள் காரைப் பார்த்தார். ஒரு பக்கம் எழுதினோம்: சர்வீஸ் தேதி, கம்ப்ரஷன், ஸ்கேனர் முடிவு, இடது கதவில் சைக்கிள் உரசிய கீறல் உட்பட. கீறலை எழுத வேண்டாம் என்றார் மாமா. எழுதத்தான் வேண்டும் என்றேன். அந்தக் காகிதத்தோடு விசாரித்ததில் வந்தவாசிப் பக்கம் ரிட்டையர்டு ஆசிரியர் ஒருவர் வந்தார். நேரே கீறலைத்தான் போய்ப் பார்த்தார். பிறகு மற்ற வரிகளைப் படித்தார். 5,45,000க்கு முடிந்தது. பணத்தை அவர் கடன் கணக்கிலேயே கட்டினார். துண்டு விழுந்த 58,000க்கு மாமா இரண்டு கறவை மாடுகளை விற்றார். தடையில்லாச் சான்றிதழும் படிவம் 35ம் வந்தபிறகு 29, 30இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.

மாடு விற்ற அன்றைக்கு மாமா சந்தையிலிருந்து போன் செய்தார். "மாப்ளே, மாட்டுக்கு யாரும் காகிதம் கேக்கல. பல்லைப் பிடிச்சுப் பார்த்துட்டு விலை சொல்லிட்டான்" என்றார். அத்தையின் நகை இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. மச்சான் போன வாரம் ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு இண்டர்வியூவுக்குப் போய் வந்தான். அதுவும் டிரெய்னி வேலைதான்.