இந்தக் ‘கோச்’ எங்கே போகிறது?

கோவிலம்பாக்கத்தில் 200 அடி ரேடியல் சாலையை ஒட்டிய தெருக்களில் வாடகைக்குக் குடியிருக்கும் வாலிபர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய கைப்பேசியில் ஒரு விளம்பரம் ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. கோட்டு அணிந்த ஒரு கனவான், 90 நாட்களில் உங்கள் வாழ்க்கையையே மாற்றிக் காட்டுகிறேன் என்கிறார். முதல் வகுப்புக்குக் கட்டணம் 99 ரூபாய்தான். அந்த வகுப்பில் கற்றுக்கொடுப்பது ஒன்றே ஒன்று: அடுத்த வகுப்புக்கு 50,000 ரூபாய் கட்ட வேண்டும் என்பது! தயங்கினால், “உங்கள்மீது உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?” என்று கேட்பார்கள். கையில் பணம் இல்லையா? கவலை வேண்டாம், மாதத் தவணைக்கும் ஏற்பாடு உண்டு. பலே!

இவர்களுக்குப் பெயர் ‘கோச்’. தாம்பரம் ரயில்வேத் தொழிலாளியிடம் இந்த வார்த்தையைச் சொன்னால் ரயில் பெட்டியைத்தான் நினைப்பார். அதில் தவறு இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மாணவர்கள், பரீட்சையைத் தாண்டித் தங்களை இழுத்துச் செல்லும் ஆசிரியருக்குக் கேலியாக வைத்த பெயர்தான் இது. வண்டி என்றே வைத்துக்கொள்வோம். வண்டியில் ஏறுகிறவன் இரண்டு விஷயங்களைக் கேட்பான்: எங்கே போகிறது, டிக்கெட் எவ்வளவு? இந்தக் கனவான்களின் வண்டியில் இரண்டுக்கும் நேரான பதில் கிடையாது.

இந்த வியாபாரம் ஏன் நம் பக்கத்தில் இப்படிச் செழிக்கிறது? 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிர்வாகம் தன் ஊழியர்களில் 2 சதவிகிதத்தினரை, சுமார் 12,000 பேரை, வீட்டுக்கு அனுப்பப் போவதாக அறிவித்தது. நிர்வாகம் சொன்ன காரணம், திறன் பொருந்தவில்லை என்பது. பாதிக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, மேல் மட்ட ஊழியர்கள் என்றும் சொன்னது. பல வருஷம் உழைத்து மேலே வந்தவர்களுக்கு ஒரே நாளில் திறமை இல்லாமல் போய்விட்டதாம்! நிர்வாகம் இப்படிச் சொல்லி நிறுத்திய இடத்தில் கோச் தொடங்குகிறார்: “உன் மனப்பான்மைதான் கோளாறு. பணம் கட்டு, சரி செய்கிறேன்.” வேலையைப் பறிகொடுத்தவனே குற்றவாளி, அவனே அபராதமும் கட்ட வேண்டும். நல்ல நியாயம்!

2014 டிசம்பரில் இதே டி.சி.எஸ்.ஸில் ஆட்குறைப்பு நடந்தபோது, சென்னையில் ஒரு கர்ப்பிணி ஊழியருக்கு வேலை நீக்க நோட்டீஸ் வந்தது. அவர் மனப்பான்மை வகுப்புக்குப் போகவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015 ஜனவரியில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, நிர்வாகமும் நோட்டீஸைத் திரும்பப் பெற்றது. அந்தப் பெண்ணிடம் இல்லாமலிருந்தது திறமையா, மனப்பான்மையா?

அப்படியானால் பயிற்சியாளரே வேண்டாம் என்கிறோமா? இல்லை. தமிழ் மீடியத்தில் படித்து, குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாக வந்த வாலிபனுக்கு நேர்முகத் தேர்வில் நா வறண்டுபோகிறது. நேற்றுவரை சக ஊழியனாக இருந்தவன் இன்று பத்துப் பேருக்கு மேற்பார்வையாளனாகித் திண்டாடுகிறான். இவர்களிடம் பொறுமையாக உட்கார்ந்து பேசி வழிகாட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கொடுப்பதில் தவறே இல்லை. உழைப்புக்குக் கூலி வேண்டாம் என்று நாமா சொல்வோம்?

ஆனால் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடி திருத்தும் கடை வைக்கக்கூட லைசென்ஸ் கேட்கும் நாட்டில், ‘வாழ்க்கை கோச்’ என்று போர்டு மாட்ட எந்தச் சட்டமும் யோக்கியதை கேட்பதில்லை. 1995இல் தொடங்கிய சர்வதேசக் கோச்சிங் சம்மேளனம் (ஐ.சி.எஃப்.) தரும் சான்றிதழைப் பலர் காட்டுவார்கள். அது தனியார் ஸ்தாபனம்தான், சர்க்கார் அல்ல. ஆனாலும் அதற்கு ஒரு கணக்கு உண்டு: ஆரம்பப் படிக்கு 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர அனுபவமும், அடுத்ததற்கு 125ம் 500ம், உச்சிப் படிக்கு 200ம் 2,500ம். சான்றிதழ் காட்டுகிறவரிடம் எந்தப் படி என்று கேளுங்கள். சனி ஞாயிறு இரண்டே நாளில் வாங்கிய காகிதமாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். அதைவிட முக்கியமாக இன்னொன்று: நீங்கள் செய்யும் வேலையை, அல்லது அதைப் போன்ற வேலையை, அவர் என்றைக்காவது செய்திருக்கிறாரா? கார் ஓட்டத் தெரியாதவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தலாமா?

பணம் கட்டுவதற்கு முன் ஒரு தடவையாவது பேசிப் பாருங்கள். எத்தனை சந்திப்பு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பி வரும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். சென்ற மாதம் ஒரு வாலிபர் நம்மிடம் ஓர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். நான்கு பக்கம். பயிற்சி தருகிறவரின் பொறுப்பு என்ன என்று தேடினோம். ஒரு வரிகூட இல்லை. பலன் பயில்கிறவரின் முயற்சியைப் பொறுத்தது என்பது மட்டும் மூன்று இடத்தில் இருந்தது. ஜெயித்தால் கோச்சின் கெட்டிக்காரத்தனம், தோற்றால் உங்கள் சோம்பேறித்தனம்! வேலைக்கு உத்தரவாதம் என்கிறவரையும், இன்றைக்கே கட்டினால் பாதி விலை என்கிறவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். தூக்கமில்லை, மனம் சோர்கிறது என்றால் அது கோச்சின் வேலையே அல்ல, மருத்துவரின் வேலை. 14416 என்ற இலவச அரசு எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கம்பெனியே கோச்சை அமர்த்தினால் சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள். நீங்கள் மனம் விட்டுச் சொல்வதில் எது நிர்வாகத்தின் காதுக்குப் போகும், எது போகாது என்று முதல் நாளே மூவரும் எழுதிக்கொள்ள வேண்டும். நல்ல கோச் அதற்கு மறுக்க மாட்டார். மறுத்தால், அவர் யாருடைய ஆள் என்று கேட்கவும் வேண்டுமா?

செலவு யாருடையது என்பதும் பேச வேண்டிய விஷயம். 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில், ஆட்குறைப்பு செய்யப்படும் தொழிலாளியின் மறுபயிற்சிக்காக முதலாளி 15 நாள் சம்பளத்தை ஒரு நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றும், 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும் என்றும் இருக்கிறது. வாழ்நாள் உழைப்புக்குப் பதினைந்து நாள்! ஆனால் அதைக்கூடக் கேட்டு வாங்க வேண்டும். நிர்வாகப் பதவிகளில் இருப்பவர்களைச் சட்டம் தொழிலாளி என்று ஏற்பதில்லை. ஆகவே ‘மேனேஜர்’ என்ற பட்டத்தைச் சும்மா கொடுக்கிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மூலையில் உட்கார வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கோச் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கோவிலம்பாக்கத்துக்காரர்களுக்குச் செங்கல்பட்டு மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 1915 என்ற எண்ணுக்கு முதலில் போன் செய்யலாம். ரசீதையும் அந்த 90 நாள் விளம்பரத்தின் படத்தையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்; விளம்பரத்தை அவர்கள் அழித்துவிடுவார்கள்.