அபராத ரசீதும் ரேபிட் அட்டையும்

டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்து, 2020-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின் விதிகளைக் கர்நாடக அரசு 2024 செப்டம்பரில் திருத்தியது. கொசுப்புழு கண்டால் நகரத்து வீட்டுக்கு 400 ரூபாய் அபராதம், வணிக இடத்துக்கு 1,000, கட்டுமான இடத்துக்கும் காலி மனைக்கும் 2,000. கிராமத்தில் இதில் பாதி. மாநிலத்தில் அந்த ஆண்டு ஆகஸ்டு முடிவதற்குள் 25,000-க்கு மேல் டெங்கு நோயாளிகள் பதிவாகி, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு அன்றைய பெங்களூரு மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் இருந்த நிலையில், தொட்டியை மூடாதவரைக் கேட்க ஒரு விதி வேண்டும்தான். அதில் நமக்குச் சண்டை இல்லை.

ஆனால் அபராதப் புத்தகத்தோடு கிளம்பும் ஆய்வாளர் முதலில் எந்தத் தெருவுக்குப் போவார்? நோய்ப் பதிவுகள் சேரும் அரசுத் தளமான ஐ.எச்.ஐ.பி.யின் வரைபடத்தில் புள்ளி விழுந்த தெருவுக்கு. புள்ளி எங்கே விழும்? எலைசா என்ற ஆய்வகப் பரிசோதனை செய்த இடத்தில். உடனடி முடிவு தரும் ரேபிட் அட்டையில் வரும் என்.எஸ்.1 (டெங்கு வைரஸ் புரதம்) பாசிட்டிவை மத்திய வழிகாட்டுதல் உறுதி செய்யப்பட்ட நோயாகக் கொள்வதில்லை. அதற்கான அறிவியல் காரணத்தை மறுக்கவில்லை. 2024 ஜூலையில் மாநில அரசின் விலை வரம்பு வந்தது: எலைசா 300 ரூபாய், அட்டை 250. ஐம்பது ரூபாய்தானே வித்தியாசம் என்று ஆய்வுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மாதிரிகள் சேர்ந்து தட்டு நிரம்பும்வரை எலைசா காத்திருக்கும். ஜுரத்தோடு வந்த கம்பி கட்டும் தொழிலாளி காத்திருப்பாரா?

அண்மையில் பெங்களூரின் கிழக்கே ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் பதிவேட்டைப் புரட்டினேன். நீளவாக்கு நோட்டு, பாசிட்டிவ் பெயர்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்கள். முகவரிக் கட்டத்தில் பல இடங்களில், கட்டுமானத் தொழிலாளர் தங்கும் ‘ஷெட்’ என்று மட்டும். முடிவு வாட்ஸ்அப்பில் நோயாளிக்குப் போய்விடும், நோட்டு மேசைக்குள் போய்விடும். ஆய்வகங்கள் அரசுக்கு அனுப்ப வேண்டிய எல் படிவமா? அப்படி ஒன்றை அங்கே யாரும் கேட்டு வந்ததில்லை. கேட்டு வராதவரை அந்தக் கூடம் அறிக்கை அனுப்பத் தவறிய அலகும் இல்லை. பட்டியலிலேயே இல்லாத அலகு. நம் நோய்க் கண்காணிப்பு மதிப்பீட்டு அட்டவணையில் அறிக்கைகளின் ‘முழுமை’ எப்போதும் தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதத்தில் நிற்பதன் ரகசியம் இதுதான்.

பல ஆண்டுகளாக இந்தப் பக்கத்தில் நான் புலம்புவது இதைத்தான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் 2001 வழிகாட்டி, நோய்க் கண்காணிப்பு முறைக்கு எளிமை, உணர்திறன், பிரதிநிதித்துவம், ஏற்புடைமை என்று பல பண்புகளை வரிசைப்படுத்தியது. நம் ஆய்வுக் கூட்டங்களுக்கு வருவது இரண்டே: அறிக்கை நேரத்துக்கு வந்ததா, எத்தனை அலகு அனுப்பின. நோயாளிகளில் எத்தனை பேரைத் தவறவிட்டோம் என்று எந்தத் திரையும் காட்டாது. மதுரை மாவட்டத் தரவை அடிப்படையாகக் கொண்டு 2014-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் மருத்துவர்கள் கண்டறியும் டெங்கு அரசுக் கணக்கைப்போல் 282 மடங்கு என்று மதிப்பிட்டது. எண்ணோடு வாதிடலாம். நம் ஊருக்கு நாமே ஓர் எண் கண்டுபிடிக்காமல் பத்து ஆண்டு உட்கார்ந்திருந்ததற்கு என்ன வாதம்?

வழி தெரியாமலும் இல்லை. இரண்டு பட்டியலை ஒப்பிட்டு இரண்டிலும் விடுபட்டவர்களை மதிப்பிடும் சந்திரசேகர்–டெமிங் முறை 1949-இல் வங்காளத்து சிங்கூர் பிறப்பு, இறப்புப் பதிவுகளிலிருந்து பிறந்தது. 2018-இல் ஐ.எச்.ஐ.பி. தொடங்கிய ஏழு மாநிலங்களில் கர்நாடகமும் ஒன்று. நோயாளிவாரியாகப் பதிவு வந்துவிட்டது. நான்கு வார்டுகளின் பரிசோதனைக் கூடப் பதிவேடுகளை எடுத்து, பெயர், வயது, தேதி பார்த்து ஐ.எச்.ஐ.பி. பதிவுகளோடு ஒப்பிட இரண்டு பேர் போதும். எத்தனை முறை எழுதிக் கொடுத்தோம்! ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலாவது வந்திருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

அபராத விதியை எழுதியவர்கள் யோசிக்காத இன்னொன்று. ஷெட்டில் நாலு பேருக்கு ஜுரம் என்றால் இதுவரை சில மேஸ்திரிகளாவது ஆஷா சுகாதாரப் பணியாளரிடம் வாய் திறந்தார்கள். இனி அந்த வார்த்தைக்குக் கட்டுமான இட அபராதமான 2,000 ரூபாய் விலை. அபராதம் வந்தபின் அத்தகைய வார்டுகளில் நோயாளி எண்ணிக்கை இறங்கினால், கொசு குறைந்ததா, பேச்சு குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல நம்மிடம் ஒரு கருவியும் இல்லை. வெற்றி அறிக்கை மட்டும் தவறாமல் வரும்.