மெட்ரோ வரும் வரை வாடகை கட்டுவது யார்?

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகள் பற்றி அடிக்கடி செய்திகள் வருகின்றன. சுரங்கம் தோண்டும் இயந்திரம் இத்தனை மீட்டர் கடந்துவிட்டது, இன்ன நிலையத்தை வந்தடைந்தது, அதிகாரிகள் நேரில் பார்வையிட்டார்கள் என்று படங்களோடு படிக்கிறோம். நகரம் வளர்கிறது என்ற மகிழ்ச்சி நமக்கும் உண்டு. ஆனால் அந்தச் செய்திகளில் இடம்பெறாத ஒரு கணக்கும் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன், அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு சிறு வியாபாரி என்னிடம் வந்து அமர்ந்தார். தையல் சாமான் கடை வைத்திருப்பவர். நூல், பொத்தான், லைனிங் துணி இவைதான் அவர் சரக்கு. கடை இருக்கும் சாலையில் மெட்ரோ நிலையம் கட்டுகிறார்கள். "ஹஜ்ரத், கடை தொறந்துதான் இருக்கு. ஆனா தகடு அடிச்சு வழிய மறைச்சிட்டாங்க, ஆளு வர முடியல. வாடகை மட்டும் மாசம் தவறாம கட்டணும். இது நியாயமா?" என்று கேட்டார்.

அரசிடம்தான் முறையிட வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறித்து, "வாடகை வாங்குறது அரசாங்கம் இல்ல ஹஜ்ரத், பள்ளிவாசல்" என்றார். கடை வக்ஃப் சொத்து. என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதன் விளைவே இந்தக் கட்டுரை.

வடசென்னை நீட்டிப்பு சொல்லும் பாடம்

இந்த அனுபவம் சென்னைக்குப் புதிதல்ல. முதல் கட்ட மெட்ரோவின் வேலை 2009இல் தொடங்கியது. கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரையிலான முதல் பகுதி 2015 ஜூனில் திறக்கப்பட்டது. நம் மக்கள் பெருமளவில் தொழில் செய்யும் மண்ணடி வழியாக வண்ணாரப்பேட்டை வரை ரயில் ஓடத் தொடங்கியது 2019 பிப்ரவரியில்தான். இடையில் அண்ணா சாலைப் பகுதியில் ஒப்பந்த நிறுவனம் ஒன்று வேலையைப் பாதியில் விட்டுப் போனது. 2017 ஏப்ரலில் அதே சாலை திடீரென உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கிய காட்சியைப் பலரும் மறந்திருக்க மாட்டோம்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை, சுமார் 9 கிலோமீட்டருக்கு அந்தப் பாதை நீட்டிக்கப்பட்டது. மதிப்பீடு 3,770 கோடி ரூபாய். 2016 ஜூலையில் அடிக்கல் நாட்டப்பட்டது, 2021 பிப்ரவரி 14 அன்று ரயில் ஓடியது. நாலரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று. தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை ஆகிய இரு நிலையங்கள் சுரங்கத்திலும், மற்றவை தூண்களின் மேலும் அமைந்தன. திருவொற்றியூர் தேரடி நிலையம் மட்டும் அன்று திறக்கப்படவில்லை. அங்கே ரயில் நிற்க இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 மார்ச்சில்தான் திறந்தார்கள்.

அந்த நீட்டிப்பால் வடசென்னைக்குக் கிடைத்த நன்மை பெரியது. வேலைக்கும் கல்லூரிக்கும் போகும் பெண்பிள்ளைகள், பேருந்து நெரிசலிலும் லாரிகளுக்கு நடுவிலும் சிக்காமல் சென்ட்ரலுக்கும் விமான நிலையத்துக்கும் போய்வர முடிகிறது. இதை யாரும் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. பயன் நகரம் முழுவதற்கும் போகிறது. ஆனால் கட்டுமானக் காலத்தின் பாரம் அந்தச் சாலையில் இருந்த சில நூறு கடைகள் மேலும் வீடுகள் மேலும் இறங்கியது. ரயில் வந்த நாளில் அவர்களில் எத்தனை பேர் அதே கடையில் இருந்தார்கள் என்று கணக்கெடுத்தவர் யார்?

தெருவை மூடுவது எது?

சுரங்கம் தோண்டுவதால்தான் சாலை மூடப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மையல்ல. சுரங்க இயந்திரம் மண்ணுக்கு அடியிலேயே நகர்கிறது. முன்பக்கத்தில் சுழலும் தலை மண்ணையும் பாறையையும் அரைக்க, பின்னால் காங்கிரீட் துண்டுகளை வளையமாகப் பொருத்திக்கொண்டே போகிறது. ஒரு வீட்டுக்கு அடியில் அது கடந்து போவது நாள் கணக்கில் முடிந்துவிடும். அந்த நாட்களில் அதிர்வு இருக்கலாம். பழைய கட்டடங்களில் விரிசல் விழலாம். கைவிட்ட ஆழ்துளைக் கிணறு இருந்தால் அதன் வழியே சேறு மேலே வந்ததும் உண்டு.

சாலையை ஆண்டுக்கணக்கில் மூடுவது நிலையம்தான். சுரங்க நிலையம் என்பது பல மாடிக் கட்டடத்தை மண்ணுக்குள் கட்டுவது போன்றது. மேலிருந்து பள்ளம் தோண்டி, சுற்றுச்சுவர் எழுப்பி, தளம் தளமாக இறங்க வேண்டும். அதற்குச் சாலையின் அகலம் தேவை. அதனால் நிலையம் அமையும் இடத்தின் இருபுறமும் உள்ள கடைகளே அதிகம் அடிபடுகின்றன.

இரண்டாம் கட்டத்தில் மூன்று வழித்தடங்கள், மொத்தம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதல் வந்தது 2024 அக்டோபர் 3 அன்று. நிதியை யார் ஏற்பது என்ற பேச்சு நீண்ட அந்த நான்கு ஆண்டுகளிலும் வேலை நடந்தது, சாலைகளும் மூடப்பட்டன. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் செல்லும் பாதை பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி, புரசைவாக்கம், ஆயிரம் விளக்கு, ராயப்பேட்டை, மயிலாப்பூர் வழியாகப் போகிறது. வரைபடத்தைப் பார்த்தால் நம் ஜமாஅத்துகள் பலவற்றின் தெருக்களும் அதில் தெரியும்.

சட்டம் யாரைப் பார்க்கிறது?

நிலம் எடுக்கப்பட்டால் உரிமையாளருக்கு இழப்பீடு உண்டு. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் ஒரு படி மேலே போய், நிலமே இல்லாவிட்டாலும் மூன்று ஆண்டுகளாக அங்கு குடியிருந்தோ உழைத்தோ வாழ்க்கை நடத்தியவரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று வரையறுத்தது. தமிழ்நாட்டில் நில எடுப்புக்கு மாநிலத்தின் தனிச் சட்டங்களும் பயன்படுகின்றன. எதுவானாலும் இவையெல்லாம் நிலம் எடுக்கப்படும்போது பேசும் சட்டங்கள். தையல் சாமான் கடைக்காரரின் நிலைமை வேறு. அவர் கடையை யாரும் எடுக்கவில்லை. கடைக்கு வரும் வழி மட்டுமே போயிற்று. வியாபாரம் பாதியாகக் குறைந்தாலும் சட்டத்தின் கணக்கில் அவர் எதையும் இழக்கவில்லை.

நடைபாதை வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. இடம் மாற்றுவதற்கு முன் 30 நாள் அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. ஆனால் கணக்கெடுப்பில் பெயர் சேர்ந்து சான்றிதழ் வாங்கியவர்தான் அதை உறுதியாகக் கேட்க முடியும். நம்மவர்களில் பலர் அந்தச் சான்றிதழை வாங்கி வைக்கவில்லை.

பொது நன்மைக்காகத் தனி மனிதர் சிரமம் ஏற்க வேண்டிய நிலை வரும் என்பதை நம் ஃபிக்ஹும் ஏற்கிறது. அதே ஃபிக்ஹ், நெருக்கடி என்பதால் பிறருடைய உரிமை அழிந்துவிடாது என்றும் சொல்கிறது. 1869 முதல் 1876 வரை உஸ்மானிய ஆட்சியில் தொகுக்கப்பட்ட மஜல்லா சட்டத்தொகுப்பு, சாலைக்காக ஒருவரின் சொத்தை அதன் மதிப்பைக் கொடுத்து எடுக்கலாம் என்கிறது. ஆனால் அந்தத் தொகை கைக்கு வரும்வரை சொத்தை அவரிடமிருந்து எடுக்கக் கூடாது என்று நிபந்தனை இடுகிறது. வாடகை பற்றியும் அதில் தெளிவு உண்டு. வாடகை என்பது பயனுக்கான விலை. பயன் முற்றிலும் நின்றுபோனால் வாடகையும் இல்லை.

நம் கடைக்காரருக்குப் பயன் முற்றிலும் நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. ஆகவே வாடகையே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் சாலை திறந்திருந்த காலத்து வாடகையை, சாலை மூடிய காலத்திலும் ஒரு ரூபாய் குறையாமல் வாங்குவது அந்த விதியின் நோக்கத்துக்கு ஒத்துவருமா என்பதை நிர்வாகிகள் யோசிக்க வேண்டும்.

நம் கையில் இருப்பது

அரசிடம் கேட்க வேண்டியவை உள்ளன. கட்டுமானத்தால் வழி அடைபடும் கடைகளுக்கும் உதவித் திட்டம் வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் தகடுகளை அகற்றும் தேதியை எழுதி வைக்க வேண்டும். தேதி தள்ளிப்போனால் காரணம் சொல்ல வேண்டும். கடைகளின் முன் ஆட்கள் நடக்கவும் சரக்கு இறக்கவும் வழி விட வேண்டும். வியாபாரிகள் சங்கமும் ஜமாஅத்தும் சேர்ந்து, மதம் பாராமல் தெருவிலுள்ள எல்லாக் கடைக்காரர்களின் கையெழுத்தோடும் இதைக் கேட்டால் அதற்கு வலு உண்டு.

அடுத்தது ஆவணம். வாய்மொழியாக வாடகைக்கு இருப்பவர் எந்த அலுவலகத்திலும் வாடகைதாரர் அல்ல. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தமும் பதிவும் வேண்டும் என்கிறது. வக்ஃப் சொத்துகளுக்குத் தனி விதிகள் உண்டு. எந்த வகைக் கடையானாலும் ஒப்பந்தம், ரசீது, மின்கட்டணச் சீட்டு, தினசரி விற்பனைக் குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பாதை அருகே வீடு உள்ளவர்கள் சுரங்க வேலை வருவதற்கு முன்பே சுவர், கூரை, தரை எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பே இருந்த விரிசலா, புதிதாக விழுந்ததா என்ற வாக்குவாதத்தில் அந்தப் படம்தான் பேசும்.

மூன்றாவது, கட்டட உரிமையாளர்கள் நாம் செய்ய வேண்டியது. எல்லா உரிமையாளரும் வசதியானவர் அல்ல. ஒரு கடை வாடகையில் குடும்பம் நடத்தும் விதவைத் தாய்மார்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இயலாது. ஆனால் வசதி உள்ளவர்கள் சாலை மூடியிருக்கும் காலத்துக்கு வாடகையைக் குறைக்கலாம், ஆண்டு உயர்வையாவது நிறுத்தி வைக்கலாம். மெட்ரோ வந்தபின் அந்த இடத்தின் மதிப்பு கூடப்போகிறது. அந்த லாபம் உரிமையாளருக்கே கிடைக்கும், வாடகைதாரருக்கு அல்ல. ரயில் வந்ததும் கூடுதல் அட்வான்ஸ் கேட்டு, கஷ்ட காலத்தில் கூட இருந்தவரை வெளியேற்றுவது பெரிய அநீதி.

பள்ளிவாசல் கடைகள் விஷயத்தில் முதவல்லிகளுக்கு உண்மையான சங்கடம் இருக்கிறது. வக்ஃப் வருமானம் அமானிதம். அதைத் தம் விருப்பப்படி விட்டுக்கொடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. ஆனால் நிலுவையைத் தவணையாக வாங்குவது விட்டுக்கொடுப்பது ஆகாது. தற்காலிகக் குறைப்புக்கு நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டு, காரணத்தை விளக்கி வக்ஃப் வாரியத்துக்கு எழுதலாம். ஜமாஅத்தில் வசதி உள்ளவர்கள் குறையும் தொகையை ஏற்றுக்கொள்ளலாம். கடனில் மூழ்கிய வியாபாரி ஸகாத் பெறத் தகுதியானவரா என்றும் பைத்துல் மால் விசாரிக்கலாம்.

தையல் சாமான் கடைக்காரருக்காக நான் அந்த நிர்வாகத்திடம் பேசினேன். பாதி வாடகையை இப்போது வாங்கிக்கொண்டு, மீதியைச் சாலை திறந்தபின் சிறு தவணைகளாக வாங்க ஒப்புக்கொண்டார்கள். குறைப்பு வேண்டி வாரியத்துக்கு எழுதுவதாகவும் சொன்னார்கள். இது முழுத் தீர்வு அல்ல. ஆனாலும் அவர் கடையைக் காலி செய்யும் எண்ணத்தை விட்டுவிட்டார்.

அடுத்த ஜுமுஆவுக்குப் போகும்போது, உங்கள் பள்ளிவாசலுக்கு மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் கடைகள் இருக்கின்றனவா என்று நிர்வாகிகளிடம் கேளுங்கள். இருந்தால், அந்தக் கடைக்காரர்கள் இந்த மாத வாடகையை எப்படிக் கட்டினார்கள் என்றும் கேளுங்கள்.