மகளிடம் தோற்கும் ஞாயிற்றுக்கிழமைகள்

சித்தூரில் எங்கள் வீட்டில் ஞாயிறு காலை சிற்றுண்டி முடிந்ததும் சதுரங்கப் பலகை விரிக்கப்படும். ஆறு வயதில் யானைக்கும் மந்திரிக்கும் வேறுபாடு கேட்டு எங்களிடம் கற்ற மகள், பன்னிரண்டாம் வயதில் எங்களை வெல்லத் தொடங்கினாள். முதல் தோல்வியைத் தற்செயல் என்றோம். அடுத்ததை அலுவலகக் களைப்பு என்றோம். பின்னர், ஆண்டிறுதிக் கணக்கு முடியட்டும் என்று பலகையை மூடி வைத்தோம். வங்கியில் பணிபுரிவோர்க்கு மார்ச் மாதம் நல்ல சாக்கு. நாங்கள் அதை ஜூன் வரை நீட்டித்தோம். மகள் ஆட்டத்திற்கு அழைப்பதையே நிறுத்திவிட்டாள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

பிள்ளை தோற்கும் வயதில் வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பதும், வெல்லும் வயதில் மெல்ல ஒதுங்கிக்கொள்வதும் ஒரே குறைதான் என்று இப்போது எண்ணுகிறோம். இரண்டிலும் பிள்ளைக்கு எதிரே மெய்யாக ஆடுபவர் எவரும் இல்லை.

சென்னையில் வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் வளர்ந்த வீட்டை நினைத்துப் பார்க்கலாம். தொலைக்காட்சியிலிருந்து கவனத்தைத் திருப்புவதற்காக வைஷாலியைச் சதுரங்கத்தில் சேர்த்தார்கள். அக்காளைப் பார்த்தே தம்பி பலகைக்கு வந்தார். (தந்தை ரமேஷ்பாபு வங்கிப் பணியாளர் என்பதில் எங்களுக்குச் சிறு பெருமை உண்டு.) 2018இல், பன்னிரண்டு வயதில், தம்பி கிராண்ட்மாஸ்டர் ஆனார். அக்காள் அந்த நிலையை எட்டியது 2023 டிசம்பரில். தாம் வழிகாட்டிய தம்பி முந்திச் சென்றபின் ஐந்தாண்டுகளுக்கு மேல் அவர் ஆடிக்கொண்டே இருந்தார். 2024இல் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டிகளில் இருவருமே ஆடினர்.

வலுக்குறைந்தவருடன் ஆடினால் பிள்ளையின் திறமை மழுங்கிவிடும் என்று சிலர் அஞ்சுவர். அதற்குப் பயிற்சியாளர்களும் போட்டிகளும் இருக்கின்றன. வீட்டு ஆட்டத்தின் பயன் வேறு. எலோ தரக்கணக்கின்படி 400 புள்ளி தாழ்ந்திருப்பவர் நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ ஒன்பது புள்ளிகளை எதிர்பார்க்கலாம். வணிகவியல் படித்த எங்களுக்கு இது கைவிட வேண்டிய கணக்காகத் தோன்றவில்லை. அந்த ஒன்பதை மகள் எளிதில் தரமாட்டாள். நாங்களும் இலவசமாக வாங்கமாட்டோம்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக வாகையர் ஆனபோது அவருக்கு வயது பதினெட்டு. சென்னையில் பிறந்த தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை என்பதால், இருமொழியும் புழங்கும் எங்கள் ஊரில் இரு தரப்பாரும் உரிமை கொண்டாடினர். மகனுடன் போட்டிகளுக்குச் செல்வதற்காக மருத்துவத் தொழிலையே ஒதுக்கிவைத்த அவர் தந்தையைப் பலரும் புகழ்ந்தனர். அது பெரிய தியாகம். எல்லா வீட்டிற்கும் இயலாது, தேவையும் இல்லை. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் எல்லோர்க்கும் இயலும்.

ஜூலையில் திருப்பதியில் நடந்த சிறுவர் போட்டி ஒன்றிற்கு மகளை அழைத்துச் சென்றோம். வெளியே வராந்தாவில், தோற்று வந்த ஒரு சிறுவனை அவன் தந்தை எல்லோர் முன்னிலும் கடிந்துகொண்டிருந்தார். அவர் எப்போதாவது அவனுடன் ஆடித் தோற்றிருப்பாரா என்று எண்ணிக்கொண்டோம். எங்கள் மகளும் அன்று கடைசிச் சுற்றில் தோற்றாள். திரும்பும் பேருந்து சந்திரகிரியைக் கடக்கும்வரை அவள் பேசவில்லை. பிறகு நகர்வுகளைக் குறித்த தாளை எடுத்து மடியில் விரித்தாள். பத்தாம் நகர்வுக்கு மேல் எங்களுக்குப் புரியவில்லை; அதை ஒப்புக்கொண்டோம். சித்தூர் வரும்வரை அவளே விளக்கிக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, “நாளைக்கு ஆடலாமா அப்பா? வெள்ளைக் காய் உங்களுக்கு” என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை. ஆயினும் அலுவலகம் கிளம்புமுன் ஓர் ஆட்டம் ஆடினோம். முப்பத்தொன்றாம் நகர்வில் எங்கள் ராணி போயிற்று.