சந்தேகப்படட்டும்

‘சுழல்’ தொடரின் எட்டாவது பகுதி முடிந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சித்தப்பா ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். “இப்படியெல்லாம் எடுத்தா, நாளைக்குச் சின்னப் புள்ளைங்க சித்தப்பா, பெரியப்பா, மாமான்னு யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படும். குடும்பம்னு ஒண்ணு இருக்க வேணாமா?” என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன். வீட்டுப் பெரியவர் பேசும்போது தலை தானாக ஆடிவிடுகிறது.

அன்று தொண்டையில் நின்றுபோன பதில் இது.

சித்தப்பாவின் கட்சியில் ஆள்பலம் அதிகம். வீட்டுக்குள் கொலை, வீட்டுக்குள் வன்கொடுமை, வீட்டுக்குள் ரகசியம் என்று கதை எழுதுவதும் படம் எடுப்பதும் மேல்நாட்டு இறக்குமதி என்பார்கள். நம் வீடுகளில் இதெல்லாம் நடக்காது என்பார்கள். இதையெல்லாம் காட்டினால் குடும்பம் கெட்டுவிடும் என்பதையும் அதே மூச்சில் சேர்த்துக்கொள்வார்கள். நடக்கவே நடக்காத ஒன்றைக் காட்டியதற்காகக் குடும்பம் எப்படிக் கெடும் என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றையும் யாரும் கேட்பதில்லை. 2015இல் ‘பாபநாசம்’ வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பெண்கள். ஒரு பையன் செத்துப்போகிறான், அவனைப் புதைக்கிறார்கள், போலீசிடம் பொய் சொல்கிறார்கள், சின்னக் குழந்தைக்கும் பொய்யை ஒப்பிக்கச் சொல்லித் தருகிறார்கள். இதைவிடப் பெரிய குடும்ப ரகசியம் தமிழ்ப் படத்தில் உண்டா? அந்தப் படத்துக்குப் பாட்டி முதல் பேரன் வரை வேன் வைத்துப் போனோம். குடும்பம் கெடும் என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. காரணம் எளிது. அங்கே கெட்டவன் வெளியாள். ‘சுழ’லில் கெட்டவன் அதே வீட்டில் சோறு தின்கிற சொந்தக்காரன். ஆக, நம்மவர்களுக்கு ரகசியமோ கொலையோ பிரச்சினையில்லை. குற்றவாளிக்கு ரேஷன் கார்டில் பெயர் இருப்பதுதான் பிரச்சினை.

இறக்குமதி என்ற வாதத்தை முதலில் முடித்துவிடலாம். மகாபாரதத்தைத் தாங்கி நிற்பதே ஒரு குடும்ப ரகசியம்தான். கல்யாணத்துக்கு முன் பெற்ற பிள்ளையைக் குந்தி ஆற்றில் விட்டாள். அவன் யார் என்று போர் முடிந்து, பிணங்கள் எரிந்து, நீர்க்கடன் செய்யும் வேளையில்தான் மற்ற பிள்ளைகளிடம் சொல்கிறாள். அண்ணனைக் கொன்றுவிட்டோம் என்று தெரிந்த தருமன் என்ன செய்தான்? இனிப் பெண்களிடம் ரகசியம் தங்காமல் போகட்டும் என்று சாபம் கொடுத்தான். விஷயம் கண்ணனுக்கு முன்பே தெரியும், பீஷ்மருக்குத் தெரியும், கர்ணனுக்கே தெரியும். இதைத் தருமனிடம் சொல்லாதே என்று கர்ணன் கண்ணனைக் கேட்டுக்கொண்டதும் கதையில் இருக்கிறது. இத்தனை ஆண்கள் சேர்ந்து காத்த ரகசியத்துக்குச் சாபம் மட்டும் பெண்களுக்கு. இதைக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து தலைமுறை தலைமுறையாகக் கேட்ட சனங்கள் நாம். நமக்கு வெப் சீரிஸ் வந்துதான் குடும்ப ரகசியம் தெரிய வேண்டுமா?

சினிமாவிலும் அப்படித்தான். 1954இல் எஸ். பாலசந்தர் எடுத்த ‘அந்த நாள்’ படத்தில் பாட்டு இல்லை என்பதை மட்டும் எல்லோரும் சொல்வார்கள். செத்தவனைக் கொன்றிருக்கக்கூடும் என்று வரிசையில் நிற்பவர்கள் யார் யார்? தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், ஆசைநாயகி, கட்டின மனைவி. மதராஸில் ஜப்பான்காரன் குண்டு போட்ட நேரத்துக் கதை. ஊர் முழுக்க அந்நியனுக்குப் பயந்துகிடக்க, பாலசந்தரின் கேமரா ஒரு வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டது.

‘சுழல்’ வேண்டாம், ‘புதிய பறவை’ மாதிரி எடுக்கலாமே என்பவர்கள் உண்டு. சரி, 1964இல் வந்த அந்தப் படத்தில் உள்ள ரகசியம் என்ன? கணவன் மனைவியை அறைகிறான். இதய பலவீனம் உள்ள அவள் செத்துவிழுகிறாள். உடலைத் தண்டவாளத்தில் போட்டுத் தற்கொலை போலக் காட்டுகிறான். அவள் குடித்தாள், கூத்தடித்தாள், மாமனாருக்கு மரியாதை தரவில்லை என்று படம் முன்பே நம்மைத் தயார் செய்துவிடுவதால், நிம்மதி தேடிப் பாடுகிறவனுக்காக நாம் அழுகிறோம். செத்தவளுக்காக அழுதவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நானும் சிவாஜிக்குத்தான் அழுதேன். ஓர் அறைதானே என்று அறுபது வருடமாக மன்னித்துக்கொண்டிருக்கிறோம்.

மேல்நாட்டான் வெட்கமில்லாமல் வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டுவான் என்பதும் தப்பு. அவனும் சித்தப்பா கட்சிதான். இங்கிலாந்தில் 1860 ஜூன் மாதக் கடைசியில், ரோட் என்ற ஊரில், சாமுவேல் கென்ட் என்ற தொழிற்சாலை ஆய்வாளரின் வீட்டில் சாவில் என்ற மூன்று வயதுப் பையன் ராத்திரியில் காணாமல்போனான். காலையில் தோட்டத்துக் கழிப்பிடக் குழியில் கழுத்தறுபட்டுக் கிடந்தான். கதவுகள் உள்ளே பூட்டியிருந்தன. இருந்தும், எவனோ வெளியாள் புகுந்துவிட்டான் என்றது குடும்பம். பிறகு உள்ளூர்ப் போலீஸ் குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஆயாவைப் பிடித்தது. வெளியாள் கிடைக்காதபோது வேலைக்காரர் மாட்டுவது எல்லா நாட்டிலும் வழக்கம்.

லண்டனிலிருந்து ஜோனதன் விச்சர் என்ற துப்பறியும் ஆய்வாளர் வந்தார். அந்த வீட்டின் உள்கட்டைப் பார்த்தார். கென்ட்டின் இரண்டாம் மனைவி, முதல் மனைவி உயிரோடு இருந்தபோது அவள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்தவள். மூத்தாள் பிள்ளைகள் ஒதுங்கிக் கிடந்தார்கள். இளையாள் பிள்ளை செல்லம். மூத்தாள் மகள் கான்ஸ்டன்ஸுக்கு வயது பதினாறு. சலவைக் கணக்கை எடுத்துப் பார்த்தார் விச்சர். அவளிடம் இருக்க வேண்டிய இரவு உடைகளில் ஒன்று குறைந்தது. அவளைக் கைது செய்தார்.

நாடே கொதித்தது. குழந்தையின் கழுத்தை அறுத்ததற்கு வந்ததைவிட, ஒரு கண்ணியவானின் மகளுடைய இரவு உடையை ஒரு போலீஸ்காரன் எண்ணிப் பார்த்ததற்குத்தான் அதிகக் கோபம் வந்ததோ என்று தோன்றும். நீதிபதிகள் அவளை விட்டுவிட்டார்கள். பத்திரிகைகள் விச்சரைக் கிழித்தன. 1864இல் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மறு வருடம் கான்ஸ்டன்ஸ் தானே வந்து, நான்தான் செய்தேன் என்றாள். இருபது வருடம் சிறை. பிறகு ஆஸ்திரேலியா போய், பெயரை மாற்றிக்கொண்டு, நர்ஸாக வேலை பார்த்து, நூறு வயது வரை வாழ்ந்து 1944இல் இறந்தாள்.

இந்த வழக்கின் சாயல் விழுந்த நாவல் வில்கி காலின்ஸின் ‘மூன்ஸ்டோன்’, 1868. சலவைக் கணக்கும், கறைபட்ட இரவு உடையும் அங்கே வருகின்றன. ஆனால் காலின்ஸ் செய்த இன்னொரு காரியம்தான் எனக்குப் பிடித்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரி கொள்ளையடித்த வைரம், இங்கிலாந்தில் ஒரு பெரிய வீட்டில் காணாமல்போகிறது. அக்கம்பக்கத்தில் மூன்று இந்தியப் பிராமணர்கள் திரிகிறார்கள். கறுத்த தோல், அந்நிய மதம், வெளியாட்கள். உடனே அவர்களைப் பிடித்து உள்ளே போடுகிறார்கள். வைரத்தை அமுக்கியவனோ, வீட்டுக்கு நெருங்கிய உறவுக்காரன், பெண்கள் நடத்தும் தர்ம சங்கங்களில் உருகி உருகிப் பேசுகிறவன். கொள்ளையடித்த பொருளுக்கும் திருடன் வீட்டுக்குள்தான் இருந்தான். ‘நம்மாட்கள் செய்யமாட்டார்கள்’ என்ற நம்பிக்கை யாரைச் சிறைக்கு அனுப்பும் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிரசங்கம் எதையும் நான் கேட்டதில்லை.

சரி, வெளிச்சம் போட்டுக் காட்டுவதால் யாருக்கு என்ன லாபம் என்பார்கள். பாட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய ‘கேஸ் லைட்’ நாடகத்தைப் பாருங்கள். கணவன் வீட்டுப் பொருள்களை ஒளித்துவைத்துவிட்டு, நீதான் தொலைத்தாய் என்று மனைவியை அதட்டுகிறான். உன் அம்மாவைப் போல உனக்கும் சித்தம் கலங்குகிறது என்கிறான். ராத்திரியில் வெளியே போவது போலப் போய், ஆளில்லாத மேல்மாடியில் ஏறி, கொலையுண்ட கிழவியின் ரத்தினங்களைத் தேடுகிறான். மேலே அவன் விளக்கேற்றும்போதெல்லாம் கீழே அவள் அறையில் வாயு விளக்கு மங்குகிறது. அதுவும் பிரமையோ என்று அவள் தன்னையே சந்தேகிக்கிறாள். அடி இல்லை, காயம் இல்லை. போலீசில் போய் என்னவென்று எழுதிக் கொடுப்பாள்? அந்தக் கொடுமைக்கு அன்று பெயரே இல்லை. நாடகத்தின் பெயரே அதற்குப் பெயரானது. இன்று மனநல ஆலோசகர் முதல் கல்லூரி மாணவி வரை ‘கேஸ்லைட்டிங்’ என்று சொல்கிறார்கள். 2022இல் அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதி அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. வார்த்தையாலும் மனத்தாலும் வதைப்பதும் குடும்ப வன்முறைதான் என்று நம் நாட்டுச் சட்டம் சொன்னது 2005இல். ஒரு சஸ்பென்ஸ் நாடகத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே அறுபத்தேழு வருடம்.

‘நம் வீடுகளில் நடக்காது’ என்பதற்கு வருகிறேன். கற்பனையை ஒதுக்கிவைத்துக் கணக்குப் பார்ப்போம். 2023இல் உலகம் முழுவதும் வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 85,000 பேர் என்கிறது ஐ.நா. அவர்களில் சுமார் 51,100 பேரைக் கொன்றது கணவனோ, காதலனோ, குடும்பத்தில் வேறொருவரோ. அது உலகக் கணக்கு என்றால், தமிழ்நாட்டுக் கணக்கும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். அகில இந்திய அளவைவிட இது அதிகம். நம் அடுக்குமாடிக் கட்டடத்தில் எத்தனை கதவு என்று எண்ணிக்கொண்டு, விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. இந்தியாவில் வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. அம்மாவிடம்கூட. தருமன் கொடுத்த சாபம் பலிக்கவே இல்லை. குந்திக்குப் பிறகும் பெண்கள் ரகசியத்தை இறுக்கிப் பிடித்துத்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது என்று சொல்லி வளர்த்தோமே, சொன்னபடி கேட்டிருக்கிறார்கள்.

இந்த வகைக் கதைகள் எல்லாமே தங்கம் என்று நான் வாதிட வரவில்லை. பாதிக்குமேல் குப்பை. கடைசி அத்தியாயத்தில் ஒரு திருப்பம் வேண்டுமே என்பதற்காக, அதுவரை பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த அத்தையைத் திடீரென்று கொலைகாரியாக்கும் நாவல்களைப் படித்துவிட்டுக் காசு போச்சே என்று வயிறெரிந்திருக்கிறேன். அதைவிட மோசம், கொலையாளியை ‘சைக்கோ’ என்று முத்திரை குத்தி முடித்துக்கொள்வது. 1980இல் வந்த ‘மூடுபனி’ பாலு மகேந்திரா ஒளிப்பதிவில் இன்றும் அழகு. ஆனால் விலைமாதர்களிடம் போய்வந்து அம்மாவைக் கொடுமைப்படுத்தியவர் அப்பா. அதைப் பார்த்து வளர்ந்த மகன் பெரியவனானபின் யாரைக் கொல்கிறான்? விலைமாதர்களை. அப்பாவின் நாற்காலிக்கு ஒரு கீறல் விழவில்லை. சாயங்கால சீரியல்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. எல்லா விஷத்தையும் புருவம் தூக்கும் ஒரு வில்லியின் கையில் கொடுத்துவிட்டால், அவளைத் துரத்தியதும் குடும்பம் சுத்தமாகிவிடும், அடுத்த வில்லி வரும்வரை. பைத்தியம், வில்லி, வெளியாள். இவர்கள் மேல் பழி விழும்வரை எந்தக் கதையும் நம்மைத் தொந்தரவு செய்யாது. அந்தக் கதைகள்தான் ஏமாற்றுகின்றன என்பேன். அவற்றுக்கு எந்தச் சித்தப்பாவும் டிவியை அணைப்பதில்லை.

‘சுழல்’ அந்த வசதியைத் தரவில்லை. ஊர் முழுக்க மயானக் கொள்ளைத் திருவிழாக் கூட்டம். பூச்சும் வேஷமும் உக்கிரமுமாக ஆயிரம் பேர். பயப்பட வேண்டியவர்கள் அவர்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, ஆபத்து வீட்டுக்குள் மெதுவான குரலில் பேசிக்கொண்டிருக்கிறது. நம் நாட்டில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடம் தவறாமல் எழுதுகிறது. அந்த அறிக்கையை யாரும் கூடத்தில் உட்கார்ந்து படிப்பதில்லை. தொடரைப் பார்த்தார்கள்.

சித்தப்பா, நீங்கள் நல்லவர். அதை நான் அறிவேன். அன்று உங்களுக்கு வந்த கோபம், செய்யாத குற்றத்துக்குத் தன்னையும் வரிசையில் நிறுத்திவிட்டார்களே என்று நல்லவருக்கு வரும் கோபம். ஆனால் பிள்ளைகள் சந்தேகப்படட்டும். நல்ல சித்தப்பாவுக்கு அதில் போகப்போவது ஒன்றுமில்லை. அடுத்த முறை பேத்தி உங்கள் மடியில் உட்கார மாட்டேன் என்று நழுவினால், ‘ஏண்டி, தாத்தாகிட்ட என்ன வெட்கம்’ என்று இழுக்காமல் விட்டுவிடுங்கள். வேறு யாராவது இழுத்தால், அவர்கள் கையையும் தட்டிவிடுங்கள்.