அரசுக் கம்பனிகள் யாருக்குக் கணக்குக் கொடுக்கின்றன?

வேறொரு மாவட்டத்தில் பணியாற்றிய நாட்களில், வயது முதிர்ந்த ஒரு தாய் என்னிடம் வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் பழைய சம்பளத் துண்டுகள். ஒரே தோட்டத்தில் 38 வருடம் கொழுந்து பறித்தவர். “சாமி, தொரைகிட்ட கேட்டா ஹெட் ஆபிசுன்னு சொல்றாரு. அங்க கேட்டா கொழும்புன்னு சொல்றாங்க. எங்க காசு எங்கதான் இருக்கு?” என்றார்.

அவருடைய கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான பதில் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்பட வேண்டும். தொழில் கொடுப்பவர் 12 வீதம் சேர்க்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு வருடமொன்றுக்கு 14 நாட் சம்பளம் உரியது. 38 வருடத்துக்கு 532 நாட் சம்பளம். இது யாருடைய தருமமும் அல்ல, அவருடைய உழைப்பு.

ரிவர்ஸ்டனில் இருக்கும் நமக்கு இது தூரத்துக் கதையல்ல. 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றைப் பொறுப்பேற்றன. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குக் கைமாறியது. 1995 முதல் அக்கம்பனிகளின் பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டன. ஆனால் நமது மாத்தளையின் எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி அரசின் கையிலேயே இருந்தது. அதுவும் மேற்சொன்ன இரு நிறுவனங்களும் ஊழியர் நிதிகளைப் பல வருடங்களாகச் செலுத்தாமல் விட்ட விடயம் பாராளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் பேசப்பட்டது.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடனுதவி அங்கீகரிக்கப்பட்ட பின், அரச தொழில்முயற்சிகளைச் சீர்திருத்தும் பேச்சு நாடெங்கும் எழுந்தது. பணிப்பாளர்களைத் தகுதி பார்த்து நியமிக்க வேண்டும், கணக்குகளை உரிய காலத்தில் வெளியிட வேண்டும், நட்டத்தைத் திறைசேரியின் தலையில் கட்டக்கூடாது என்கிறார்கள். இவை நல்லவையே. தேர்தலில் தோற்றவருக்கும் அமைச்சரின் உறவினருக்கும் பணிப்பாளர் சபையில் நாற்காலி கிடைக்கும்வரை எந்தக் கம்பனியும் உருப்படாது.

ஆனால் சிலர் உடனே “விற்றுவிடுங்கள்” என்கிறார்கள். வேறு சிலர் “அரசிடமே இருக்கட்டும்” என்கிறார்கள். இரண்டையும் நமது மக்கள் அனுபவித்துப் பார்த்தவர்கள். அரசுடைமை வந்த எழுபதுகளில் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடியது. எத்தனையோ குடும்பங்கள் மலையை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்தன. கம்பனிகள் வந்த பின்னரும் லயம் லயமாகவே இருந்தது. ஆகவே சொந்தக்காரர் யார் என்பது மட்டும் கேள்வியல்ல. அவர் யாருக்குக் கணக்குக் கொடுக்கிறார் என்பதே கேள்வி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1992இல் கம்பனிகளுக்குப் போனது காணியின் உரிமை அல்ல, குத்தகை மட்டுமே. எனவே அரச தோட்ட நிறுவனங்களைச் சீர்திருத்துவது என்பது மலைநாட்டின் காணியைப் பற்றிய தீர்மானமுமாகும். மொறகஹகந்த நீர்த்தேக்கத்துக்காக வயலை விட்டு எழுந்தவர்களுக்கும், 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவால் வீடிழந்தவர்களுக்கும் ஒரு துண்டு நிலம் என்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே எந்தச் சீர்திருத்தத்திலும் மூன்று காரியங்கள் இருக்க வேண்டும் என்பது எனது கருத்து. முதலாவது, தோட்டத்தை விற்பதற்கோ இணைப்பதற்கோ முன்னர் தொழிலாளரின் பாக்கி முழுவதும் கொடுத்துத் தீர்க்கப்பட வேண்டும். இரண்டாவது, பணிப்பாளர் சபையில் தொழிலாளருக்கும் அயற்கிராமத்தவருக்கும் ஆசனம் வேண்டும். ஆண்டறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் தோட்ட அலுவலகத்தில் வைக்கப்பட வேண்டும். மூன்றாவது, பயிரின்றிக் கிடக்கும் காணியின் விபரம் பகிரங்கமாக்கப்பட்டு, இடம்பெயர்ந்தோரின் கோரிக்கை முதலில் கேட்கப்பட வேண்டும்.

இவையெல்லாம் கொழும்பில் தானாக நடக்கும் என்று காத்திருக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் அரசுக் கம்பனிகளுக்கும் பொருந்தும். தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். ஊரில் பத்துப் பேர் கூடி, “எமது சேமலாபப் பணம் எந்த மாதம்வரை கட்டப்பட்டுள்ளது?”, “இந்தத் தோட்டத்தில் எத்தனை ஏக்கர் தரிசாகக் கிடக்கிறது?” என்று இரண்டு கேள்விகளை எழுதி அனுப்புங்கள்.

அந்தத் தாய் தனியாகக் கேட்டார், அலைக்கழிக்கப்பட்டார். நாம் சேர்ந்து, எழுத்தில் கேட்போம்.